கோபக் கேள்வித்தாளில் பதில் கோணலாக வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு) இரண்டு வாரம் இருக்கையில் எக்செல் ஃபைலோடு வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். உளவியலோ நர்சிங்கோ சமூகப்பணியோ, கதை ஒன்றுதான்: கோபத்தை அளக்கும் கேள்வித்தாள் கொடுத்தேன், எண்கள் விசித்திரமாக இருக்கின்றன, கைடு "ஜனங்க பொய் சொல்லியிருப்பாங்க, லிமிட்டேஷன்ல ஒரு வரி போட்டுடு" என்கிறார். போடலாம்தான். ஆனால் வருடக்கணக்கில் இப்படிப்பட்ட ஃபைல்களைப் பிரித்துப் பார்த்ததில், பொய் என்று முடிவுகட்டும் அளவுக்குப் போக வேண்டியதே அபூர்வம். அதற்கு ரொம்ப முன்னாலேயே கேள்வியைக் கொடுத்த விதத்திலோ மொழிபெயர்ப்பிலோ எண்களை ஏற்றிய கையிலோ கோளாறு சிக்கிவிடும்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு அளவுகோல்கள். ஒன்று உளவியலாளர் ஸ்பீல்பெர்கரின் ஸ்டாக்ஸி-2 (STAXI-2). 1999இல் வந்தது, 57 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை: இந்த நிமிடத்துக் கோபத்துக்கு 15, சுபாவக் கோபத்துக்கு 10, கோபத்தைக் காட்டுவதற்கும் அடக்குவதற்கும் 32. இன்னொன்று பஸ், பெர்ரி இருவரும் 1992இல் வெளியிட்ட ஆக்ரோஷக் கேள்வித்தாள். 29 கேள்வி, ஐந்து விடை, அதில் கோபத்துக்கு மட்டும் 7. நீங்கள் வேறு எதையாவது வைத்திருந்தாலும் கீழே உள்ள சோதனைகள் அநேகமாகப் பொருந்தும். (ஸ்டாக்ஸி-2 விலைக்கு விற்கப்படுவது. அனுமதி வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்து மொழிபெயர்த்திருந்தால் அது வேறு வகைப் பிழை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

தொடங்குமுன் ஒரு வேலை. மூல ஃபைலைக் காப்பி எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள், அப்புறம் காப்பியில் நான்கு நெடுவரிசை சேருங்கள்: யார் கொடுத்தது, எங்கே வைத்து நிரப்பியது, தாளா போனா வாயால் கேட்டதா, எந்தத் தேதி. இந்த நான்கும் இல்லாமல் கீழே உள்ளவற்றில் பாதியைச் செய்ய முடியாது. ஞாபகத்தில் இருந்து நிரப்பினாலும் பரவாயில்லை, இன்றைக்கே நிரப்புங்கள்.

அறிகுறி 1: எல்லாரும் சாந்த சொரூபிகள்

சராசரி அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுபாவக் கோபத்துக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 40 என்றால் உங்கள் ஆட்கள் 12, 13 என்று நிற்கிறார்கள். நேரில் பார்த்தால் அந்த வகுப்பில் தினம் ஒரு அடிதடி.

முதலில் எந்தப் பகுதி என்று பாருங்கள். இந்த நிமிடத்துக் கோபம் மட்டும் அடியில் இருந்தால் அது கோளாறே இல்லை. காலை பத்து மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் மேல் கோபம் வரப்போகிறது? 15 கேள்விக்கும் ஒன்று ஒன்று என்று போட்டு 15 மதிப்பெண் எடுப்பவர் நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்து பயந்து அழித்துவிடாதீர்கள், இதைப் பின்னால் இன்னொரு முறையும் சொல்லப்போகிறேன்.

சுபாவக் கோபமும் அடியில் இருந்தால் அடுத்த கேள்வி: நிரப்பும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? வகுப்பாசிரியர் நடந்துகொண்டிருந்தாரா, வீட்டில் மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தாரா, "என்னம்மா எழுதறே" என்று கணவர் எட்டிப் பார்த்தாரா. ஒரு தாளில் ஒரு பெண் "பொருட்களைத் தூக்கி எறிவேன்" என்பதற்கு முதலில் மூன்றில் வட்டம் போட்டு, அதை அடித்து, ஒன்றில் போட்டிருந்தார். அந்தத் தெருவுக்குப் போய் வந்த மாணவியைக் கேட்டால், நடுவில் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்றாள். அடித்துத் திருத்திய இடங்களை எண்ணுங்கள், எந்தப் பக்கமாகத் திருத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தாளில் நிரப்பியதால் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், போனில் அடித்தல் திருத்தல் தெரியாது.

அடுத்து, தாளின் தலை. மேலே பெரிய எழுத்தில் "கோப அளவீட்டுக் கேள்வித்தாள்" என்று போட்டு, அதற்குக் கீழே பெயர், ரோல் நம்பர், வகுப்பு என்று கேட்டிருந்தால் யார் உண்மை எழுதுவார்கள். பெயரை எடுத்துவிட்டு ஒரு எண் கொடுங்கள், தலைப்பை "அன்றாட உணர்வுகள் பற்றி" என்று மாற்றுங்கள், நிரப்பியதைத் தானே உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். உறைக்கு ஆகும் செலவு டீ செலவை விடக் குறைவு.

அதுவும் சரியாக இருந்தால் கேள்விகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். உள்ளே உணர்வது பற்றியவை ஒரு பக்கம், வெளியே செய்வது (கத்துவது, அடிப்பது, உடைப்பது) பற்றியவை இன்னொரு பக்கம். உணர்வுக் கேள்விகள் ஏற்ற இறக்கத்தோடு இருந்து செயல் கேள்விகள் மட்டும் அடியில் கிடந்தால், ஆட்கள் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள், அல்லது நிஜமாகவே கத்தாதவர்கள். இரண்டும் சேர்ந்தே அடியில் இருந்தால் மேலே சொன்ன சூழல் கோளாறுக்குத் திரும்பிப் போங்கள்.

இனி செலவு பிடிக்கும் வழி. நல்ல பெயர் வாங்கும் ஆசையை அளக்கத் தனிக் கேள்வித்தாள்கள் உண்டு, எல்லாரும் ஓடுவது 1960இல் வந்த மார்லோ–க்ரவுன் அளவுகோலுக்குத்தான். 33 கேள்வி, சரி அல்லது தவறு. இதைச் சேர்த்துக் கொடுத்து, கோப மதிப்பெண்ணோடு எதிர்த்திசையில் தொடர்பு வந்தவுடன் "பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்த 33 கேள்விகளையே ஒரு தடவை படித்துப் பாருங்கள்: உதவி கேட்பவர்கள் மேல் எரிச்சல் வருமா, நினைத்தது நடக்காவிட்டால் மனக்கசப்பு வருமா, யாரையாவது நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று தோன்றுமா. பல கேள்விகள் கோபத்தைப் பற்றியவையே. கோபத்தை அளக்கும் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று தொடர்பு காட்டினால் அதில் என்ன அதிசயம்? கோபம் சம்பந்தப்பட்ட கேள்விகளை எடுத்துவிட்டு மீதியை வைத்துத் தொடர்பைத் திரும்பக் கணக்கிடுங்கள். தொடர்பு கரைந்துவிட்டால் மறைப்பு என்ற வாதமும் கரைந்தது.

இதே காரணத்துக்காக, அந்த மதிப்பெண்ணை வைத்துக் கோப மதிப்பெண்ணைக் கழித்துத் திருத்துவதும் வேண்டாம். 1983இல் மெக்ரே, கோஸ்டா இருவரும் வாழ்க்கைத் துணை கொடுத்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இப்படித் திருத்திய மதிப்பெண்கள் திருத்தாதவற்றை விட மோசமாகவே பொருந்தின. நிஜமாகவே பொறுமைசாலியாக இருப்பவரின் பொறுமையையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம் அல்லவா. எம்எம்பிஐ (MMPI) என்ற ஆளுமைத் தேர்விலும் 'பொய்' அளவுகோல் என்று 15 கேள்வி இருக்கிறது, அதில் ஒன்று "எனக்குச் சில சமயம் கோபம் வரும்" என்பது. இல்லை என்றால் பொய்க் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். கோபமே வராது என்று நம்பி வாழும் பெரியவர் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் பொய் சொல்கிறாரா என்பதை ஒரு புள்ளி முடிவு செய்யாது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* பதிலை வைத்து ஒருவருக்கு லாபமோ நஷ்டமோ வரும் இடம் என்றால் உடனே. வேலைக்குத் தேர்வு, சிறை, குடும்ப நீதிமன்றம், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு. அங்கே உறையும் தலைப்பும் உதவாது. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் நேரில் பேசி, நம்பகத்தன்மை அளவுகோல்கள் உள்ள தேர்வையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முதுகலை மாணவர் இதில் கை வைக்கக் கூடாது.

அறிகுறி 2: கோபக்காரர்தான், ஆனால் அடக்கத்திலும் முதல் ஆள்

ஒரே ஆள் "கத்திவிடுவேன்" என்பதற்கும் நான்கு, "நிதானத்தை விடவே மாட்டேன்" என்பதற்கும் நான்கு. கோபத்தைக் காட்டுவதும் கட்டுப்படுத்துவதும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன. இரண்டுக்கும் இடையே தொடர்பு எதிர்மறையாக வர வேண்டிய இடத்தில் நேர்மறையாக வருகிறது.

சிரிக்காதீர்கள், முதல் சோதனை ரிவர்ஸ் கோடிங், அதாவது எதிர்த்திசையில் கேட்ட கேள்விகளின் எண்களைத் திருப்பிப் போடுவது. பஸ்–பெர்ரியில் இரண்டு கேள்விகள் தலைகீழ்: ஒன்று நிதானமான ஆள் என்பது, இன்னொன்று ஒருவரை அடிக்க நியாயமான காரணமே இருக்க முடியாது என்பது. இவற்றைத் திருப்ப மறந்தவர்கள் உண்டு, இரண்டு தடவை திருப்பி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வந்தவர்களும் உண்டு. ஸ்டாக்ஸியின் கட்டுப்பாட்டுக் கேள்விகளைத் திருப்பத் தேவையில்லை, ஆனால் யாரோ சொன்னார்கள் என்று திருப்பி வைத்திருப்பார்கள். ஐந்து தாளை எடுத்துக் கையால் கூட்டிப் பாருங்கள், கணினி சொல்வதோடு ஒத்துப்போனால் மேலே போகலாம்.

கோடிங் சரி என்றால், வாயால் கேட்டவர்களையும் தாங்களே நிரப்பியவர்களையும் பிரியுங்கள். கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து, படிக்காத பாட்டியிடம் "உங்களுக்குச் சட்டுன்னு கோபம் வருமா பாட்டி?" என்றால் "ஆமா கண்ணு" என்பார். "கோபம் வந்தாலும் பொறுத்துக்குவீங்களா?" என்றாலும் "ஆமா கண்ணு". படித்த பிள்ளை வெயிலில் வந்து கேட்கிறது, இல்லை என்று சொல்லி அதன் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்ற மரியாதை அது. பொய் இல்லை, உபசாரம். 1940களில் உளவியலாளர் க்ரோன்பாக் எழுதியதிலிருந்தே எல்லா நாட்டிலும் தெரிந்த கோளாறுதான், நம் ஊரில் அதற்கு மோரும் சேர்ந்து கிடைக்கும்.

ஒரு வசதி: ஸ்டாக்ஸி-2இன் மொத்தக் கோப வெளிப்பாட்டுக் குறியீட்டில், வெளியே காட்டுவது, உள்ளே அடக்குவது இரண்டையும் கூட்டி, இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளையும் கழித்து, 48 சேர்ப்பார்கள். நான்கிலும் எட்டெட்டு கேள்வி. ஆக எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டவர், அது ஒன்றோ நான்கோ, சரியாக 48இல் வந்து நிற்பார். நெடுவரிசையை வரிசைப்படுத்தி 48 எடுத்தவர்களின் தாள்களை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் நியாயமாக 48 வந்தவர்களும் இருப்பார்கள், ஆனால் 'ஆமா கண்ணு' ஆட்கள் மறைந்திருக்கும் முதல் இடம் அதுதான். சுபாவக் கோபப் பகுதியில் இந்த வசதி கிடையாது, அதில் பத்துக் கேள்வியும் ஒரே திசை. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் 40, கோபத்தின் உச்சம்.

சரிசெய்வது எப்படி? இனிமேல் எடுக்கப்போகும் தாள்களுக்கு எளிது: ஆமாமா இல்லையா என்று கேட்காமல், போன வாரம் எத்தனை நாள், யார் மேல், என்ன செய்தீர்கள் என்று பேச்சாகக் கேட்டு, விடையை அவர்களே நான்கு படங்களில் அல்லது நான்கு குவளைகளில் காட்டச் சொல்லுங்கள். ஆனால் இப்படி மாற்றினால் மூல அளவுகோலின் சராசரியோடு ஒப்பிட முடியாது, அதை ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றுக்குக் காட்டும் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டின் சராசரியையும் ஒவ்வொரு ஆளுக்கும் எடுத்து, இரண்டுமே உச்சத்தில் உள்ளவர்களைச் சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை கணக்குப் போடுங்கள். முடிவு மாறவில்லை என்றால் நிம்மதி. மாறினால் இரண்டையும் எழுத வேண்டும், பிடித்ததை மட்டும் எழுதக் கூடாது.

அறிகுறி 3: நேர்கோடு

3, 3, 3, 3, 3. பக்கம் முழுக்க.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே எண் தொடர்ச்சியாக எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள், எக்செல்லில் அந்த ஆளின் வரிசைக்குத் திட்ட விலக்கம் போட்டு பூஜ்யம் வருகிறதா என்றும் பார்க்கலாம். இந்த நிமிடத்துக் கோபப் பகுதியை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன அதே காரணம், கோபம் இல்லாத ஆள் அங்கே ஒன்று ஒன்று என்றுதான் போடுவார். எதிரெதிர் கேள்விகள் கலந்து வரும் பகுதியில் நேர்கோடு வந்தால்தான் சந்தேகம்.

காரணங்கள், மலிவானதிலிருந்து: போனில் கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பது (கட்டைவிரல் ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போகும், ஐந்தாவது விடை திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும்), கடைசி பீரியடில் கொடுத்தது, "நிரப்பினால்தான் அட்டெண்டன்ஸ்" என்றது, ஒரே உட்காரலில் நாலு அளவுகோல் சேர்த்து இருநூறு கேள்வி. கட்டத்தை உடைத்து ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று வைத்தாலே பாதி குறையும்.

நேரத்தையும் பார்க்கலாம். ஒரு கேள்விக்கு 2 நொடிக்குக் கீழே போனால் படிக்காமல் போட்டது என்று 2012இல் ஹுவாங் குழுவினர் வைத்த கணக்கைப் பலரும் பின்பற்றுகிறார்கள். பஸ்–பெர்ரிக்கு 58 நொடி, ஸ்டாக்ஸி-2க்கு 114 நொடி. இது ரொம்பத் தாராளமான கோடு, அதற்குள் முடித்தவருக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் கூகுள் ஃபார்ம் அனுப்பிய நேரத்தை மட்டும்தான் பதியும், தொடங்கிய நேரத்தைப் பதியாது. அதில் எடுத்திருந்தால் இந்தச் சோதனை உங்களுக்கு இல்லை, அடுத்த தடவை வேறு மென்பொருள்.

நடுவில் "இந்தக் கேள்விக்கு இரண்டாவது விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒன்று வைக்கலாம். ஒன்று போதும். மூன்று நான்கு வைத்தால் ஆட்களுக்கு "நம்மை நம்பவில்லை" என்று கடுப்பாகிறது, கோபத்தை அளக்கும் தாளில் அது வேறு வம்பு.

எத்தனை பேர் இப்படி இருந்தால் சகஜம்? மீட், க்ரெய்க் இருவரும் 2012இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் இணையப் பதில்களை ஆராய்ந்து 10–12 சதவீதம் பேர் கவனமில்லாமல் நிரப்புவதாகச் சொன்னார்கள். உங்கள் ஃபைலில் அந்த அளவு இருந்தால் தலையில் கை வைக்க வேண்டாம். பாதிப் பேர் என்றால் மறுபடி களத்துக்குப் போக வேண்டியதுதான், புள்ளியியல் காப்பாற்றாது.

அறிகுறி 4: ஆல்ஃபா படுத்துவிட்டது, அல்லது எதிர்மறையாக வருகிறது

ஆல்ஃபா என்பது ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். முதலில் ரிவர்ஸ் கோடிங். மறுபடியும். பார்த்தாயிற்றா? சரி.

அப்புறம் எந்தக் கேள்வி கெடுக்கிறது என்று, ஒவ்வொரு கேள்விக்கும் மீதி மொத்தத்தோடு உள்ள தொடர்பை எடுங்கள். அநேகமாக அந்த "அடிக்கக் காரணமே இல்லை" கேள்வி மாட்டும். இதில் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. "ஒருவரை அடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை" என்று கேட்டால், அடிக்கவே அடிக்காத மனிதர் "ஆமாம், இல்லை" என்றும் சொல்வார், "இல்லை, அடிக்க மாட்டேன்" என்றும் சொல்வார். பேச்சில் இரண்டும் ஒரே அர்த்தம், தாளில் ஒன்று முதல் கட்டம், இன்னொன்று கடைசிக் கட்டம். எதிர்மறை வாக்கியத்துக்கு ஆமாம் இல்லை கேட்பதே தமிழில் வம்பை விலைக்கு வாங்குவது.

சோதனை எளிது. ஐந்து பேரைக் கூப்பிட்டு, அந்த ஒரு கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எந்த விடை, ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. இரண்டு பேராவது தலைகீழாகப் புரிந்துகொண்டால் கேள்வியை மாற்றுங்கள், ஏற்கெனவே எடுத்த ஃபைலில் அதை நீக்கி, நீக்கியதைச் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி நன்றாகவே இருந்தும் தலைகீழ்க் கேள்விகள் மட்டும் தனிக் கூட்டமாகக் காரணிப் பகுப்பாய்வில் (எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்து போகின்றன என்று பார்க்கும் கணக்கு) வந்து நின்றால், உடனே "தமிழர்களிடம் கோபத்துக்குப் புதுப் பரிமாணம் கண்டுபிடித்தேன்" என்று எழுதாதீர்கள். பத்தில் ஒருவர் கவனமில்லாமல் நிரப்பினாலே அப்படி ஒரு போலிக் காரணி முளைக்கும் என்று 1985இலேயே ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் இருவரும் காட்டியிருக்கிறார்கள். அறிகுறி 3இல் சிக்கிய ஆட்களை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பாதி நேரம் பரிமாணம் மறைந்துவிடும்.

இதற்கு நேர் எதிராக, ஆல்ஃபா 0.95 என்று ஜொலித்தாலும் சந்தோஷப்படாதீர்கள். ஒரே திசைக் கேள்விகளில் நேர்கோட்டு ஆட்கள் அதை ஏற்றிவிடுவார்கள். மொழிபெயர்ப்பும் ஏற்றும். ஸ்டாக்ஸியின் சுபாவக் கோபத்தில் சட்டென்று கோபம் வருவது, நெருப்பான குணம், சூடான தலை என்று மூன்று கேள்விகள் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொல்லில் இருக்கின்றன. நான் பார்த்த ஒரு தமிழ்ப் பிரதியில் மூன்றுமே "நான் முன்கோபி" என்பதன் மூன்று வேடங்களாக ஆகியிருந்தன, ஒரு பையன் ஓரத்தில் "எத்தனை தடவை கேப்பீங்க" என்று எழுதியிருந்தான். நியாயமான கேள்வி.

அறிகுறி 5: தமிழ்ப் பிரதி ஒன்று சொல்கிறது, ஆங்கிலப் பிரதி வேறு சொல்கிறது

அல்லது பெண்கள் ஒரு மாதிரி, ஆண்கள் ஒரு மாதிரி, கிராமம் ஒரு மாதிரி, நகரம் ஒரு மாதிரி. வித்தியாசம் நிஜமாக இருக்கலாம். அப்படிச் சொல்வதற்கு முன்னால் மூன்று இடத்தைத் தட்டிப் பாருங்கள்.

விடைகளின் சொற்கள். "கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை" என்பதில் 'கிட்டத்தட்ட' விழுந்துபோய் "ஒருபோதும் இல்லை" என்று அச்சாகியிருந்தால் முதல் கட்டத்தை யாரும் தொட மாட்டார்கள், எல்லாரும் ஒரு படி மேலே தள்ளப்படுவார்கள், தமிழ்ப் பிரதிக்காரர்கள் கோபக்காரர்களாகத் தெரிவார்கள். ஒரு சொல்தான் விழுந்தது.

உணர்வுச் சொற்கள். கோபம், சினம், எரிச்சல், ஆத்திரம், கடுப்பு எல்லாம் ஒரே படியில் இல்லை. அகராதி பார்த்து 'சினம்' என்று போட்டால் அது பாடப்புத்தகத்தில் வரும் சொல்லாகத் தோன்றி, யாருக்கும் தனக்கு வருவதாகப் படாது. நகரத்தில் பாதிப் பேர் கோபத்தை 'டென்ஷன்' என்றே சொல்கிறார்கள், கோபம் வருமா என்றால் இல்லை என்பார்கள், டென்ஷன் ஆவீர்களா என்றால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். 'வயிறு எரிகிறது' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார், அது பொறாமைக்கும் சாபத்துக்கும் போய்விடும்.

இதில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளும் கேள்விகள். "மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்" என்பது நேர்த்தியான மொழிபெயர்ப்பாகத்தான் தெரியும். ஆனால் நம் வீட்டில் "எதையும் மனசுல வெச்சுக்காதே" என்றால் பகையை வளர்க்காதே என்று அர்த்தம். அப்போது அந்தக் கேள்விக்கு ஆமாம் போடுபவர் தன்னை வன்மக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், யார் போடுவார்கள்? இன்னொருவருக்கு அதுவே ரகசியம் காப்பவர் என்ற பெருமையாகப் படும். ஒரே வாக்கியம் ஒருவரைக் கீழேயும் ஒருவரை மேலேயும் தள்ளுகிறது. "வெளியே காட்ட மாட்டேன், உள்ளே கோபம் இருந்துகொண்டே இருக்கும்" என்று நீட்டி எழுதியதும் பதில்கள் ஒழுங்குக்கு வந்தன.

இன்னொன்று, 'நிதானமானவன்', 'கோபக்காரன்' என்று ஆண்பாலில் அச்சடித்துவிட்டுப் பெண்கள் கல்லூரியில் கொடுப்பது. 'ஆள்' என்று முடித்தால் யாருக்கும் உறுத்தாது.

மூன்றாவது, கேட்டவர் யார். பெண்கள் பிரிவில் ஆண் மாணவரும் ஆண்கள் பிரிவில் பெண் மாணவியும் போய்க் கேட்டிருந்தால், உங்கள் பால் வித்தியாசத்தில் கேட்டவரின் பாலும் கலந்துவிட்டது. பிரித்தெடுக்க வழியில்லை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* மூன்றும் சுத்தமாக இருந்து, வித்தியாசம் நிஜம் என்று எழுதப் போகிறீர்கள் என்றால், இரண்டு குழுவுக்கும் கேள்வித்தாள் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்ற அளவீட்டுச் சமத்தன்மைச் சோதனை வேண்டும். அதற்கு எஸ்பிஎஸ்எஸ் (SPSS) புள்ளியியல் மென்பொருளின் மெனுவில் பட்டன் தேடாமல் புள்ளியியல் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு குழுவிலும் இருநூறு பேராவது இல்லாமல் போனால் அவரும் கையை விரிப்பார். மொழிபெயர்ப்பில் சந்தேகம் என்றால், மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்துத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் அறைத் தோழரை வைத்துச் செய்தால் அது கணக்கில் வராது.

அறிகுறி 6: இந்த நிமிடத்துக் கோபம் மட்டும் எகிறி நிற்கிறது

வரிசையைப் பாருங்கள். ஸ்டாக்ஸி-2இல் இந்தப் பகுதி முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளினால், நூறு கேள்வி நிரப்பிக் களைத்தவரிடம் "இப்போது எரிச்சலாக இருக்கிறதா" என்று கேட்கிறீர்கள். ஆமாம், உங்கள் மேல்தான். தேதியையும் பாருங்கள்: இன்டர்னல் மார்க் ஒட்டிய நாள், பஸ் ஸ்டிரைக் நாள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி 7: பயிற்சிக்குப் பிறகு எல்லாரும் திருந்திவிட்டார்கள்

கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி எட்டு வாரம், முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மதிப்பெண் சரிந்து விழுந்திருக்கிறது, கைடுக்கு ஏக சந்தோஷம். இதைக் கோளாறு என்று யாரும் கொண்டு வருவதில்லை, வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்ட பிறகுதான் வருகிறார்கள்.

பின்தாளை வாங்கியது யார்? எட்டு வாரம் அன்பாகப் பாடம் நடத்திய அதே ஆள் என்றால், அவர் முகத்துக்கு நேரே "இன்னும் கத்துகிறேன்" என்று எழுத யாருக்கும் மனம் வராது. வேறொருவர் வாங்கியிருக்க வேண்டும். அடுத்து, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? முதல் தடவை அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கியிருந்தால், பயிற்சியே கொடுக்காமல் இருந்தாலும் இரண்டாம் தடவை அவர்கள் கொஞ்சம் இறங்கித்தான் இருப்பார்கள், ஏனென்றால் முதல் தடவை சிலருக்கு அன்றைக்கு நாள் சரியில்லாமல் இருந்திருக்கும். அப்புறம் எந்தப் பகுதி அசைந்திருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள் உள்ள கட்டுப்பாட்டுக் கேள்விகள் மட்டும் ஏறி, சுபாவக் கோபம் அப்படியே கிடந்தால், ஆட்கள் பாடத்தை ஒப்பித்திருக்கிறார்கள். நேர்மாறாக, மதிப்பெண் ஏறினாலும் பயிற்சி தோற்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் கோபம் இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று சிலர் சொல்வார்கள், நம்பலாம்.

பயிற்சி பெறாத ஒரு குழு இருந்தால் இவற்றில் பல கேள்விகள் எழாது. இல்லை என்றால் இப்போது உருவாக்க முடியாது. வீட்டிலோ ஹாஸ்டலிலோ கூட இருப்பவர் ஒருவரிடம், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அதே கேள்விகளைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். அறைத் தோழிக்குத் தெரியும், யார் கதவை அறைகிறார்கள் என்று.

அறிகுறி 8: ஓரத்தில் எழுதிய வரி

இது புள்ளியியல் இல்லை, ஆனால் தாள்களைப் புரட்டும்போது கட்டாயம் ஒரு நாள் வரும். "அவனைக் கொல்லாமல் விட மாட்டேன்" என்றோ "செத்துவிடலாம் போல இருக்கிறது" என்றோ ஒரு வரி. அல்லது பதில் முழுக்க உச்சத்தில், கடைசிப் பக்கம் பேனா கிழித்திருக்கிறது. மிகைப்படுத்தி நிரப்பியவர், விலக்கிவிடலாம் என்று சோதனை சொல்லும். அந்தச் சோதனையை நிறுத்துங்கள். இங்கே அவர் உண்மை சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வாங்கவில்லை, எண் மட்டும்தான் என்றால், அந்த எண்ணை ஆளோடு சேர்க்கும் பட்டியல் யாரிடம் இருக்க வேண்டும், எந்த நிலையில் அதைத் திறக்கலாம் என்பதை நெறிமுறைக் குழு அனுமதி வாங்கும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். இருந்தால் அன்றைக்கே கைடிடம் சொல்லி, மனநல மருத்துவரையோ பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ உள்ளே கொண்டுவாருங்கள், நீங்களாக அந்த ஆளிடம் போய்ப் பேசி ஆழம் பார்க்காதீர்கள். பட்டியல் இல்லை என்றால், அந்த வகுப்பு முழுவதற்கும், அந்தத் தெரு முழுவதற்கும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை ஒரு துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அடுத்த தடவை அந்த எண்ணைக் கேள்வித்தாளின் கடைசி வரியிலேயே போட்டுவிடுங்கள்.